முடியாத ஆட்டம்

ராத்திரி ஒன்பது மணி. அம்மா தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள்.

"டேய், சாப்பிட வாடா."

"இதோ வரேம்மா. அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடம் ஆகிறது. பத்து நிமிடம் ஆகிறது. சோறு ஆறிப் போகிறது. மகன் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். கையில் செல்போன். காதில் ஹெட்போன். தனக்குத் தானே பேசுகிறான். "பின்னாடி பாரு! பின்னாடி பாரு! வீட்டுக்குள்ள ஆள் இருக்கு!" என்று கத்துகிறான். வீட்டுக்குள் அம்மாவைத் தவிர வேறு ஆள் இல்லை.

அம்மாவுக்குக் கோபம் வருகிறது. போனைப் பிடுங்குகிறாள். மகன் துள்ளி எழுகிறான். அவன் முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு முகத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. "என்னம்மா பண்ணிட்ட! எல்லாம் போச்சு!" என்று அழுகிறான். பதினைந்து வயதுப் பையன், ஐந்து வயதுப் பிள்ளையைப் போல அழுகிறான்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன போச்சு? போன் இங்கேதானே இருக்கிறது?

இந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது? எந்த ஊரிலும் இருக்கலாம். குஜராத்தில் இருக்கலாம். பஞ்சாபில் இருக்கலாம். உங்கள் தெருவிலும் இருக்கலாம். 2019 ஜனவரியில் டில்லியில் ஒரு கூட்டம் நடந்தது. தேர்வு எழுதப் போகும் மாணவர்களோடும் பெற்றோர்களோடும் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். அப்போது ஒரு தாய் தன் மகனைப் பற்றிக் கேட்டார். முன்பு நன்றாகப் படித்தான், இப்போது ஆன்லைன் விளையாட்டில் கிடக்கிறான், என்ன செய்வது என்றார். உடனே பிரதமர், பப்ஜி ஆடுகிற பையனா என்று திருப்பிக் கேட்டார். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதையோ, யார் கண்டது?

அந்தப் பப்ஜியையே எடுத்துக் கொள்வோம். அது என்ன, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நூறு பேர், ஒரு தீவு

ஆன்லைன் என்றால் இன்டர்நெட் இணைப்பில் இருப்பது. இன்டர்நெட் இல்லாமலும் போனில் சில விளையாட்டுகளை ஆடலாம். அதில் நீங்கள் ஒருவர்தான். எதிரே இருப்பது போன். ஆன்லைன் விளையாட்டு அப்படி அல்ல. நீங்கள் உங்கள் ஊரில் இருப்பீர்கள். உங்களோடு ஆடுபவர் பாட்னாவில் இருப்பார். இன்னொருவர் ஐதராபாத்தில் இருப்பார். எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே களத்தில் ஆடுவார்கள்.

பப்ஜி அப்படிப்பட்ட விளையாட்டு. தென் கொரியாவில் உள்ள ஒரு கம்பெனி இதை உருவாக்கியது. 2017இல் கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டாக வந்தது. 2018இல் செல்போனுக்கு வந்தது. நல்ல நேரம் பார்த்து வந்தது என்றே சொல்ல வேண்டும். 2016 செப்டம்பரில்தான் நம் நாட்டில் ஜியோ வந்திருந்தது. இன்டர்நெட் டேட்டாவின் விலை மளமளவென்று இறங்கியிருந்தது. அதுவரை பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஆடிய ஆட்டத்தை, ஆட்டோ ஓட்டுபவர் மகனும் ஆட முடிந்தது.

ஆட்டம் இதுதான். நூறு பேர் ஒரு விமானத்தில் பறக்கிறார்கள். கீழே ஒரு தீவு. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. காலி வீடுகளில் புகுந்து துப்பாக்கி, தோட்டா, மருந்து என்று கிடைப்பதை எடுத்துக் கொள்கிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். தீவைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நிற்பவர் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எனவே எல்லாரும் நடுவே வந்தாக வேண்டும். கடைசியில் யார் உயிரோடு மிஞ்சுகிறாரோ அவரே ஜெயித்தவர். முழு ஆட்டமும் முடிய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும்.

தனியாக ஆடலாம். நான்கு பேர் சேர்ந்து ஒரு குழுவாகவும் ஆடலாம். பிள்ளைகள் பெரும்பாலும் குழுவாகத்தான் ஆடுகிறார்கள். நான்கு பேரும் ஹெட்போன் வழியாகப் பேசிக் கொள்வார்கள். ஒருவன் அடிபட்டு விழுந்தால் இன்னொருவன் ஓடி வந்து தூக்கிவிடலாம். அதற்குச் சில நொடிகள்தான் இருக்கும். வராவிட்டால் விழுந்தவன் கதை முடிந்தது.

இப்போது அந்த அம்மா போனைப் பிடுங்கியதை நினைத்துப் பாருங்கள். அந்த நேரம் மகன் யாரையாவது தூக்கிவிட ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். மற்ற மூவரும் அவனை நம்பி நின்றிருப்பார்கள். அவன் திடீரென்று காணாமல் போய்விட்டான். இருபத்தைந்து நிமிடம் பாடுபட்டது வீண். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மூன்று பேரும் அவனைத்தான் திட்டுவார்கள். "எல்லாம் போச்சு" என்று அவன் அழுதது இதற்குத்தான்.

டி.வி.யில் படம் ஓடும்போது நிறுத்திவிட்டுப் பிறகு பார்க்கலாம். இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நூறு பேர் ஆடுகிறார்கள் அல்லவா? ஒரு வீட்டில் சோறு ஆறுகிறது என்பதற்காக மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் நிற்பார்களா? இந்த ஒரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரியாது. தெரியாததால் பாதிச் சண்டை வருகிறது.

சூரியன் மறையாத விளையாட்டு

நாமும் விளையாடியவர்கள்தான். கோலி ஆடினோம். கிட்டிப்புள் ஆடினோம். சோறு தண்ணி இல்லாமல் கபடி ஆடினோம். நமக்கு மட்டும் ஏன் இந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை?

பிடித்தது. ஆனால் அந்த விளையாட்டுகள் தாமாகவே முடிந்தன. இருட்டினால் கோலி தெரியாது. கால் வலித்தால் கபடி இல்லை. பல்லாங்குழியில் முத்து தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. கூட ஆடுபவனை அவன் அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனால் ஆள் குறைந்துவிடும். விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவே காலியாகும்.

செல்போன் ஆட்டத்துக்கு இருட்டு கிடையாது. மழை கிடையாது. கால் வலி கிடையாது. ஒருவன் தூங்கப் போனால் இன்னொருவன் எங்கிருந்தோ வந்து சேருவான். ராத்திரி இரண்டு மணிக்கும் தீவில் குதிக்க நூறு பேர் இருப்பார்கள். ஓர் ஆட்டம் முடிந்த உடனே அடுத்த ஆட்டத்துக்குப் பொத்தான் தயார். விரலால் தொட்டால் போதும். எழுந்து போவதற்கு ஒரு காரணம் வேண்டும். தொடர்ந்து ஆட ஒரு காரணமும் வேண்டாம்.

இது தற்செயலாக நடந்தது அல்ல. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

புறா சொன்ன ரகசியம்

அமெரிக்காவில் ஸ்கின்னர் என்று ஒரு அறிஞர் இருந்தார். மனமும் பழக்கமும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தவர். 1950களில் அவர் புறாக்களை வைத்துப் பல சோதனைகள் செய்தார். ஒரு பெட்டி. உள்ளே ஒரு புறா. சுவரில் ஒரு வில்லை. புறா அந்த வில்லையைக் கொத்தினால் தானியம் விழும்.

கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் என்ன ஆகும்? பசி எடுத்தால் புறா கொத்தும். வயிறு நிறைந்தால் விட்டுவிடும். தானியம் வருவது நின்று போனால், கொஞ்ச நேரத்தில் கொத்துவதையும் நிறுத்திவிடும்.

ஸ்கின்னர் அதை மாற்றினார். சில சமயம் இரண்டாவது கொத்துக்கே தானியம் வந்தது. சில சமயம் ஐம்பது முறை கொத்திய பிறகுதான் வந்தது. எப்போது வரும் என்று புறாவுக்குத் தெரியாது. என்ன நடந்தது தெரியுமா? புறா விடாமல் கொத்தியது. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் ஆயிரக்கணக்கான முறை கொத்திக்கொண்டே இருந்தது.

நிச்சயமாகக் கிடைப்பதைவிட, கிடைக்குமோ கிடைக்காதோ என்று இருப்பதுதான் கட்டிப் போடுகிறது. தாயக்கட்டையை உருட்டும்போது இதை நாமே உணர்ந்திருக்கிறோம். அடுத்த உருட்டில் தாயம் விழும், அதற்கு அடுத்த உருட்டில் விழும் என்றே கை போகும். தருமன் நாட்டையே வைத்து ஆடியதும் இப்படித்தானே? "இந்த முறை ஜெயித்துவிடுவேன்."

பப்ஜியில் நூறு பேரில் ஜெயிப்பது ஒருவரோ ஒரு குழுவோதான். பெரும்பாலும் தோல்விதான். ஆனால் பத்தாவது இடம் வரை வந்துவிடுவான். "கொஞ்சம் தவறிப் போச்சு. இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று மனம் சொல்லும். தீவில் எந்த வீட்டில் நல்ல துப்பாக்கி கிடைக்கும் என்பதும் அதிர்ஷ்டம். பரிசுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதும் அதிர்ஷ்டம். எங்கே பார்த்தாலும் புறாப் பெட்டி.

நம் மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனப் பொருள் சுரக்கிறது. நல்லது வரப் போகிறது என்று எதிர்பார்க்கும்போது அது வேலை செய்கிறது. எதிர்பாராமல் ஒன்று கிடைத்தால் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. "இன்னும் ஒரு முறை" என்று நம்மைத் தள்ளுவது அதுதான். போதும், நிறுத்து என்று சொல்வது மூளையின் முன்பக்கம். அந்தப் பகுதி முழுதாக முதிர்வதற்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது ஆகிவிடும். பதினைந்து வயதுப் பையனுக்கு வண்டியின் வேகம் வந்துவிட்டது. பிரேக் இன்னும் சரியாக மாட்டப்படவில்லை.

இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். புதிதாக ஆட வருபவர்கள் ஆரம்பத்தில் சுலபமாக ஜெயிக்கிறார்கள். தங்களுக்கு நல்ல திறமை என்று நினைத்துக் கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் சுட்டு வீழ்த்திய எதிரிகளில் பலர் மனிதர்களே அல்ல. விளையாட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆட்டும் பொம்மைகள். அதற்கு பாட் என்று பெயர். முதலில் பொம்மைகளைக் கொடுத்து ருசி காட்டுகிறார்கள். பிறகுதான் உண்மையான ஆட்களோடு மோத விடுகிறார்கள். சந்தையில் மூன்று சீட்டு வித்தை காட்டுபவன் முதல் ஆட்டத்தில் நம்மை ஜெயிக்க விடுவான், பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான்.

பரமபதத்தில் ஏணி ஏறுவோம், பாம்பு கடித்தால் இறங்குவோம். கடைசியில் சொர்க்கம் வரும். ஆட்டம் முடியும். பப்ஜியிலும் ஏணி உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிப்படியாக மேலே போகலாம். ஆனால் உச்சியில் நிற்க விடமாட்டார்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை புதிய சீசன் தொடங்கும். உடனே எல்லாரையும் கீழே இறக்கி விடுவார்கள். ஒரே நேரத்தில் எல்லாரையும் பாம்பு கடித்த மாதிரி. மறுபடியும் ஏற வேண்டும். தினமும் வந்தால் தினமும் ஒரு சின்னப் பரிசு. இன்று வராவிட்டால் இன்றைய பரிசு போச்சு.

இத்தனையும் சேர்ந்து பையனை இழுக்கின்றன. ஆனாலும் என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பலமான கயிறு இது ஒன்றும் இல்லை. கூட ஆடும் மூன்று பேர்தான். "எங்கடா இருக்க? உனக்காகத்தான் காத்திருக்கோம்" என்று ஒரு செய்தி வந்தால் எந்தப் பையன் போகாமல் இருப்பான்? பள்ளியில் கணக்கு வராமல் பெஞ்சு மேல் நிற்பவன், இங்கே வைரம் ஏறியவன். அப்பாவிடம் தினமும் திட்டு வாங்குபவனை, இங்கே நான்கு பேர் "தலைவா" என்கிறார்கள். அவனுக்கு வேறு எங்கே கிடைக்கிறது அந்த மரியாதை? இதை யோசிக்காமல் "சனியன் பிடித்த போன்" என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்தால் பிரச்சினை தீராது.

இலவசம், ஆனால் இலவசம் இல்லை

பப்ஜியை ஆடப் பணம் கட்ட வேண்டாம். பிறகு கம்பெனிக்கு வருமானம் எப்படி?

ஆடுபவனின் பொம்மைக்குச் சட்டை விற்கிறார்கள். துப்பாக்கிக்குச் சாயம் விற்கிறார்கள். பரிசுப் பெட்டி விற்கிறார்கள். சட்டை மாற்றினால் ஜெயிக்க முடியுமா? முடியாது. ஆனால் நூறு பேர் பார்க்கிறார்கள் அல்லவா? தீபாவளிக்குப் புதுச் சட்டை கேட்பது போலத்தான். நேரே ரூபாயில் விலை சொல்லமாட்டார்கள். முதலில் ரூபாயைக் கொடுத்து விளையாட்டுக் காசு வாங்க வேண்டும். அந்தக் காசில்தான் மற்றதை வாங்கலாம். திருவிழாவில் டோக்கன் வாங்குவது மாதிரி. டோக்கன் கைக்கு வந்துவிட்டால் செலவாவது ரூபாய் என்று தோன்றாது.

2020இல் பஞ்சாபில் நடந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. 17 வயதுப் பையன். ஊரடங்கு நேரம். ஆன்லைன் வகுப்பில் படிக்கிறான் என்று நினைத்து வீட்டில் போனைக் கொடுத்திருந்தார்கள். அவன் பெற்றோரின் வங்கிக் கணக்குகளிலிருந்து 16 லட்சம் ரூபாயைப் பப்ஜிக்குச் செலவழித்துவிட்டான். மருத்துவச் செலவுக்கு என்று சேர்த்து வைத்த பணமும் அதில் இருந்தது. வங்கியிலிருந்து வந்த செய்திகளைப் போனிலிருந்து அழித்துவிட்டான். எனவே பெற்றோருக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வீடுகளில் போனில் ஒரு செய்தி வந்தால் என்ன செய்வோம்? "இது என்னன்னு பாருடா" என்று பிள்ளையிடம் நீட்டுவோம். அவன் படித்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, சும்மா விளம்பரம்" என்பான். நாம் நம்புவோம். வேறு வழி இல்லை. நமக்குப் படிக்கத் தெரியாது.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். வங்கிச் செய்தி ஆங்கிலத்தில் வந்தாலும் அதில் எண்கள் இருக்கும். எவ்வளவு போனது, எந்தத் தேதியில் போனது, மிச்சம் எவ்வளவு என்று எண்களைப் பார்த்தே தெரிந்து கொள்ளலாம். "டெபிட்" என்றால் பணம் வெளியே போனது. "கிரெடிட்" என்றால் பணம் உள்ளே வந்தது. இந்த இரண்டு சொற்களின் ஆங்கில எழுத்துகளை மட்டும் யாரிடமாவது கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை வங்கிப் பாஸ் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து வாங்குங்கள். போனில் அழித்தாலும் பாஸ் புத்தகத்தில் அழிக்க முடியாது. பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லி, "நீயே போட்டு அனுப்பு" என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

தடை போட்டால் போகாதா?

போட்டுப் பார்த்தார்கள். 2019 மார்ச்சில் குஜராத் மாநிலம் ராஜ்கோட் நகரில் போலீசார் பப்ஜி ஆடத் தடை விதித்தார்கள். பொது இடத்தில் உட்கார்ந்து ஆடிய இளைஞர்களைக் கைதுகூடச் செய்தார்கள். வீட்டுக்குள் ஆடுபவனை எப்படிப் பிடிப்பது?

2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செல்போன் செயலிகளைத் தடை செய்தது. அது பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்பதற்காக அல்ல. சீன எல்லையில் மோதல் நடந்த நேரம் அது. நாட்டின் பாதுகாப்பையும், மக்களின் விவரங்கள் வெளியே போவதையும் காரணமாகச் சொன்னார்கள். 2021இல் அதே ஆட்டம், பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022இல் அதையும் எடுத்தார்கள். 2023இல் மறுபடியும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் சும்மா இருந்தார்களா? வேறு ஆட்டத்துக்குப் போனார்கள்.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம் என்று அந்தக் கம்பெனியே ஒரு விதி வைத்தது. வயதைக் கேட்டால் பிள்ளை கூட்டிச் சொல்லிவிடுகிறான். அப்பாவின் எண்ணைக் கேட்டால் நண்பன் எண்ணைக் கொடுத்துவிடுகிறான். சீனாவில் 2021இல் இன்னும் கடுமையான விதி கொண்டு வந்தார்கள். அங்கே 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், அதுவும் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆன்லைன் விளையாட்டு ஆடலாம்.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு ஒரு சட்டம் இயற்றியது. இதைப் பலர் தவறாகப் புரிந்து கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் எல்லா விளையாட்டையும் தடுக்கவில்லை. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டும் ஆட்டங்களைத்தான் தடுக்கிறது. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவை அதில் வரும். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும், 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. பப்ஜி போன்ற ஆட்டங்கள் இந்தத் தடையில் வரவில்லை. ஆகவே அரசாங்கம் பார்த்துக் கொள்ளும் என்று நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

ஆடுகிறவன் எல்லாம் நோயாளியா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கில் எத்தனையோ குடும்பங்கள் போனில் லூடோ ஆடின. நவி மும்பையில் உள்ள ஒரு கம்பெனி செய்த லூடோ கிங் என்ற ஆட்டம் அது. மகள் ஓர் ஊரில், பாட்டி ஓர் ஊரில் இருந்துகொண்டு தாயம் ஆடுவது போல ஆடினார்கள். சிரித்தார்கள். பிறகு போனை வைத்துவிட்டுப் போனார்கள். அதில் என்ன தப்பு? 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்தும் ஆடப் போனார்கள். "நானும் அப்படி ஆகிறேன்" என்று உங்கள் மகன் சொல்லலாம். கிரிக்கெட் ஆடுகிறவன் எல்லாம் தெண்டுல்கர் ஆகிவிடுகிறானா என்று கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. எதை நோய் என்று சொல்கிறார்கள்? நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போக வேண்டும். சாப்பாடு, தூக்கம், படிப்பு, வேலை எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிவிட வேண்டும். கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் ஆட்டம் தொடர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஒரு வருடம் அளவுக்கு நீடித்தால்தான் நோய். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடியவனை நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது.

ஆனால் ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டாம். ராத்திரித் தூக்கம் போய்விட்டதா? குளிப்பது நின்றுவிட்டதா? நேரில் வரும் நண்பர்கள் குறைந்துவிட்டார்களா? எதற்கெடுத்தாலும் பொய் வருகிறதா? இவற்றைக் கவனிக்கலாம்.

மறுநாள் ராத்திரி

அந்த அம்மாவிடம் திரும்பிப் போவோம். அவள் என்ன செய்யலாம்?

பகலில், அவன் ஆடாத நேரத்தில், பக்கத்தில் உட்காரலாம். "இது என்ன ஆட்டம், எனக்குக் காட்டு" என்று கேட்கலாம். பிள்ளைக்கு ஆச்சரியமாக இருக்கும். அவன் அம்மாவுக்குக் கற்றுக் கொடுப்பான். எங்கே குதிப்பது, எங்கே ஒளிவது என்று சொல்வான். கூட ஆடும் மூன்று பேர் யார் என்று கேட்கலாம். பள்ளிக்கூடப் பையன்களா, முகம் தெரியாத ஆட்களா? இது முக்கியம். முகம் தெரியாதவர்களில் பெரியவர்களும் இருப்பார்கள். கெட்ட வார்த்தை பேசுபவர்களும், பணம் கேட்பவர்களும் இருப்பார்கள்.

மணிக்கணக்கில் பேரம் பேசுவதைவிட ஆட்டக் கணக்கில் பேசுவது நல்லது. "அரை மணி நேரம்தான்" என்றால் நடு ஆட்டத்தில் நேரம் முடியும். மறுபடி சண்டை வரும். "இரண்டு ஆட்டம். இரண்டாவது முடிந்ததும் போனை என்னிடம் கொடு" என்றால் அவனுக்கும் நியாயமாகப் படும். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே இரண்டையும் முடித்துக்கொள்ளச் சொல்லலாம். நேரமாகிவிட்டால் புதிய ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பதுதான் விதி. தொடங்கியதை நடுவில் பிடுங்குவதும் இல்லை. மூன்று நண்பர்களின் பெற்றோரிடமும் பேசி நான்கு வீட்டிலும் ஒரே நேரம் வைத்துக் கொண்டால் இன்னும் சுலபம். கூப்பிட ஆள் இல்லாவிட்டால் கயிறு தானே தளர்ந்துவிடும்.

ராத்திரி போன் எங்கே தூங்குகிறது? பையனின் தலைமாட்டில் தூங்கக் கூடாது. அடுப்பங்கரையில், பெரியவர்கள் கண் படும் இடத்தில் சார்ஜில் போடலாம். அப்பாவின் போனும் அங்கேயே தூங்க வேண்டும். அப்பா படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு மகனைத் திட்டினால் மகன் கேட்பானா?

போனை எடுத்துவிட்டால் அந்த நேரத்துக்கு என்ன கொடுப்பது? இதுதான் கஷ்டமான கேள்வி. பல ஊர்களில் பிள்ளைகள் ஓடி ஆட மைதானம் இல்லை. இருந்த புறம்போக்கிலும் கட்டடம் வந்துவிட்டது. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலைத் திறந்து வைக்கச் சொல்லி ஊரார் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். ஒரு கைப்பந்து வலைக்கு ஊரே சேர்ந்து பணம் போட்டால் எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

முதல் சில நாட்கள் பையன் எரிந்து விழுவான். தூக்கம் வராது. எதிலும் மனம் செல்லாது. வெற்றிலை பாக்கை விட்டவருக்கும் இப்படித்தான் இருக்கும். பொறுத்துக் கொள்ள வேண்டும். ஆனால் அவன் சாப்பிடாமல் கிடந்தாலோ, அடிக்க வந்தாலோ, செத்துப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னாலோ அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் போக வேண்டும். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனையில், செல்போன், இன்டர்நெட் பழக்கத்துக்கென்றே 2014இல் ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். பெங்களூர் போக முடியாதவர்கள் அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

அதற்கும் முன்னால் வீட்டிலிருந்தே பேச ஒரு எண் இருக்கிறது. 14416. இதற்கு டெலி மானஸ் என்று பெயர். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. பகலோ இரவோ எந்த நேரமும் கூப்பிடலாம். பணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம். மகனைப் பற்றி அம்மாவும் பேசலாம், மகனே தனியாகவும் பேசலாம்.